தண்ணீர்த் தராசும் ஒரு நீலக்கல்லும்

கொஞ்சம் நீண்ட பதிவு இது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எழுதப் போவது வரலாறுதான். ஆனால் எமது பிழையொன்றைச் சொல்லாமல் அந்த வரலாற்றைத் தொடங்க மனம் வரவில்லை.

சென்ற வருடம் தரம் 11 பிள்ளைகளுக்கு மேலுதைப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் இருந்த ஒரேயொரு யுரேக்கா முகவையும் உடைந்து போயிருந்தது. எனவே நகைக்கடைக்காரர் ஒருவரிடம் சின்ன மின் தராசொன்றை இரவல் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கோப்பை தண்ணீரும் தையல் நூலும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம். எமது பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லை வைத்துப் பாடம் சொன்னால் உடனே பிடிபடும். வீட்டில் வாப்பாவும் மாமாவும் காலையிலிருந்து பேசுவது கல்லைப் பற்றித்தானே.

செய்முறை மிகவும் இலேசு. முதலில் கல்லைச் சும்மா நிறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். கல்லைத் தாங்குவது நமது கைதான். ஆனாலும் தராசு ஓர் எண்ணைக் காட்டும். தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது, அதே அளவு கல் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் தராசில் தெரிகிறது. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் பிரித்தால் கல்லின் சாரடர்த்தி வந்துவிடும்.

"சேர், எங்கட மாமா ஒரு நீலக்கல் பாத்து வெச்சிருக்கார். அதக் கொண்டுவந்தா தண்ணியில போட்டுப் பாக்க ஏலுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டார். "ஏலும், கொண்டு வாங்க" என்றோம். அடுத்த நாள் மாமாவே வந்தார். ஓட்டோ ஓட்டிச் சேர்த்த காசில் புதிதாகக் கல் வியாபாரத்துக்குள் கால் வைக்கிற மனிதர். கல் 8 காரட், அதாவது 1.60 கிராம். தண்ணீருக்குள் இறக்கியதும் தராசு 0.40 காட்டியது. பிரித்தால் சரியாக 4. நீலக்கல்லுக்குப் புத்தகத்தில் உள்ள எண்ணும் 4தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாமும் பெரிய மனிதர் போல, "கண்ணாடியும் இல்ல, ஸ்பினலும் இல்ல, நீலம்தான்" என்று சொல்லிவிட்டோம். அவர் அந்தக் கல்லை வாங்கினார்.

பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறோம். இதற்கிடையில் அந்த எண் 4 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். நாமே வெட்கப்படும் அளவுக்கு அது நமக்குக் கிட்டிய கதையாக இருந்தது.

பாடப்புத்தகம் கதையை ஆக்கிமிடீசில் தொடங்குகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, சிராக்கூஸ் நகரம், மன்னரின் பொற்கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்ற சந்தேகம், குளியல் தொட்டி. எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை எழுதி வைத்த விட்ருவியஸ் என்ற ரோமானியர் வாழ்ந்தது ஆக்கிமிடீசுக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் பிந்தி. ஆகவே தொட்டிக் கதையை அப்படியே நம்ப வேண்டிய அவசியமில்லை. 1586இல் இளைஞராக இருந்த கலிலியோவும் இதே சந்தேகத்தைத்தான் கிளப்பினார். வழிந்த தண்ணீரைக் கண்ணால் பார்த்து அவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடியாது, ஆக்கிமிடீஸ் தராசைத்தான் பாவித்திருப்பார் என்று அவர் ஒரு சிறிய நூலே எழுதினார். தத்துவம் மட்டும் ஆக்கிமிடீசுடையதுதான், அதில் சந்தேகமில்லை. கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை இலேசாக வரும், தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கை இழுபடும். ஆழம் கூடக் கூட நீரின் அமுக்கம் கூடுகிறது. எனவே ஒரு பொருளின் மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் கூடுதலாகத் தள்ளப்படுகிறது. அந்த வித்தியாசம், பொருள் பிடித்திருக்கும் இடத்து நீரின் நிறைக்குச் சமம். கிணற்றில் இறைத்த எல்லாருக்கும் தெரிந்த விடயத்தை அவர் கணக்காக்கினார்.

புத்தகம் அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருடங்கள் காணாமல் போகின்றன. தண்ணீரைக் கொண்டு கல்லையும் உலோகத்தையும் சோதிக்கும் வேலை வளர்ந்தது அந்த வருடங்களில்தான்.

அல்-பிரூனி 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கம். பூமியின் பருமனை அளந்தவர், இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் என்றுதான் நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். உலோகங்களையும் மணிக்கற்களையும் ஒரே கனவளவில் எடுத்தால் அவற்றின் எடை எப்படி வேறுபடும் என்று அவர் தனியாக ஓர் ஆய்வும் எழுதியிருக்கிறார். அதற்காக ஒரு பாத்திரம் செய்தார். அடி அகன்று, கழுத்து ஒடுங்கி, கழுத்தின் பக்கத்தில் தண்ணீர் வழிய ஒரு சிறு குழாய். வாய் அகலமாக இருந்தால் நீர்மட்டம் ஒரு மயிரளவு உயர்ந்தாலே நிறையத் தண்ணீர் வேறுபட்டுவிடும். கழுத்து ஒடுங்கியிருந்தால் பிழை குறையும். பாத்திரத்தைக் குழாய் மட்டம் வரை நிரப்பி, கல்லை உள்ளே போட்டு, வழிகிற தண்ணீரைத் தராசுத் தட்டில் பிடித்து நிறுக்க வேண்டும்.

சொல்வதற்கு இலேசு. ஆனால் ஒடுக்கமான குழாய்க்குள் கடைசித் துளிகள் வழியாமல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கும் இதே தொல்லைதான். குழாய் நுனியில் ஒரு துளி தொங்கும், விழவும் மாட்டாது, உள்ளே போகவும் மாட்டாது. இன்று அதை மேற்பரப்பிழுவிசை என்கிறோம். பிரூனியிடம் அந்தப் பெயர் இல்லை, ஆனால் தொல்லை இருந்தது. அவர் குழாயின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கூரைப் பீலி போல மேற்பக்கம் திறந்த குழாயாக்கினார். தண்ணீரும் ஏதோ ஒரு தண்ணீர் இல்லை. எல்லாச் சோதனைக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர், ஜைஹூன் நதியுடையது. எந்தப் பருவகாலத்தில் செய்தார் என்பதும் குறிப்பில் இருக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் தண்ணீரின் கனம் மாறும் என்பது தெரிந்தவர் செய்கிற வேலை இது.

இனித்தான் நம் ஊருக்கு நெருக்கமான இடம் வருகிறது. ஒப்பிட ஒரு அடிப்படை வேண்டுமே. உலோகங்களுக்குப் பொன்னை அடிப்படையாக வைத்தார். கற்களுக்கு எதை வைத்தார் தெரியுமா? வானநிற யாகூத்தை. நாம் நீலம் என்று சொல்கிற அதே கல்லை. யாகூத் என்றாலே அந்தக் காலத்து அரபு நூல்களில் ஸரந்தீபும் சேர்ந்து வரும். மணிக்கற்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' நூலிலும் நமது நாடு வருகிறது.

அவர் எல்லாவற்றையும் 100 மிஸ்கால் கணக்குக்கு மாற்றி எழுதினார். மிஸ்கால் என்பது நாலு கிராமுக்குச் சற்று மேல். 100 மிஸ்கால் பொன் வெளியேற்றும் தண்ணீர் ஐந்தேகால் மிஸ்கால். நீல யாகூத்துக்கு இருபத்தைந்தேகால். சிவப்பு யாகூத்துக்கு இருபத்தாறு. பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த 'லஃல்' என்ற சிவப்புக் கல்லுக்கு ஏறக்குறைய இருபத்தெட்டு. இவற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் தசமத்துக்கு மாற்றியபோது பொன் 19.05, நீலம் 3.96, சிவப்பு யாகூத் 3.85, லஃல் 3.58 என்று வந்தது. இன்றைய ஆய்வுகூட எண்கள்: பொன் 19.3, நீலத்துக்கும் சிவப்புக்கும் 4.00, லஃல் எனப்பட்ட ஸ்பினலுக்கு 3.60. மின் தராசு கிடையாது, தசமப் புள்ளி கூட எழுதுவதில்லை, தானியக் கணக்கில் நிறுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நீலத்தில் வந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று.

ஸ்பினல் விடயம் சாதாரணமானதல்ல. மாணிக்கமும் சிவப்பு ஸ்பினலும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். அவை வெவ்வேறு பொருள்கள் என்று ஐரோப்பாவில் பிரித்துச் சொன்னது 1783இல், ரோமே த லீல் என்ற பிரெஞ்சுக்காரர். பிரித்தானிய முடியில் நடுவில் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் ரூபி' உண்மையில் ரூபி இல்லை, ஸ்பினல். பிரூனியின் தண்ணீர்ப் பாத்திரத்தில் அந்தக் கல்லைப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதைப் படித்தவுடன் எங்கள் ஆட்கள் சிலர் "எல்லாவற்றையும் நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று பதிவு போடத் தொடங்கிவிடுவார்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை. யாகூத்தையும் லஃலையும் வியாபாரிகள் முன்னரே வேறு வேறு பெயரால்தான் அழைத்தார்கள். பிரூனி அந்த வேறுபாட்டுக்கு ஓர் எண் கொடுத்தார். அதுவே போதுமான பெருமை.

எண் இருந்தால் எல்லோருக்கும் சந்தோசம் என்று நினைக்க வேண்டாம். பிரூனிக்குப் பிறகு அல்-இஸ்பிஸாரி என்ற அறிஞர் வந்தார், உமர் கையாமின் காலத்தவர். கலப்படப் பொன்னைக் கண்டுபிடிக்கும் தண்ணீர்த் தராசொன்றை அவர் வருடக்கணக்காகப் பாடுபட்டுச் செய்தார். அது ஸல்ஜூக் ஸுல்தான் ஸன்ஜரின் பொக்கிஷத்துக்குப் போனது. பொக்கிஷப் பொறுப்பாளர் என்ன செய்தார்? தனது திருட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில் தராசை உடைத்துப் போட்டார். அந்தத் துக்கத்திலேயே இஸ்பிஸாரி மரணித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சந்தையில் கள்ளத் தராசு வைத்திருப்பவரைப் பற்றி நமக்குத் தெரியும். நல்ல தராசைக் கண்டு பயந்தவரின் கதை இது.

அந்த வேலையை மறுபடி எடுத்து முடித்தவர் அல்-காஸினி. மர்வ் நகரத்தில், இன்றைய துர்க்மெனிஸ்தானில், வாழ்ந்தவர். பிறப்பால் கிரேக்கர், அடிமையாக வந்தவர். எஜமானர் அவரைப் படிக்க வைத்தார். பெரிய அறிஞரான பிறகும் வருடத்துக்கு மூன்று தீனார் செலவில் சீவித்தார், அன்பளிப்பாக வந்த ஆயிரம் தீனாரைத் திருப்பி அனுப்பினார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. பொன்னைச் சோதிக்கும் கருவி செய்தவருக்குப் பொன்னில் ஆசை இல்லாமல் இருந்திருக்கிறது.

ஹிஜ்ரி 515இல், அதாவது 1121 அளவில், அவர் எழுதிய நூல் 'மீஸானுல் ஹிக்மா'. ஞானத் தராசு என்று சொல்லலாம். நீதியைப் பற்றிய பேச்சோடுதான் நூல் தொடங்குகிறது. நீதி வழங்குபவை மூன்று: அல்லாஹ்வின் வேதம், நேர்வழி காட்டும் அறிஞர்கள், மூன்றாவது தராசு. அளவை நிறுவை பற்றிய குர்ஆனின் எச்சரிக்கை ஒவ்வொரு ஜும்ஆவிலும் நமது காதில் விழுகிறது. இந்த மனிதர் அதைப் பௌதிகவியலின் முதல் பக்கத்தில் வைத்தார். பிறகு பிரூனியின் எண்களையெல்லாம் சேர்த்துத் தந்து, தனது தராசை விளக்குகிறார். இரண்டு மீற்றர் அளவு நீளமான தண்டு, ஐந்து தட்டுகள், அதில் ஒன்று தண்ணீருக்குள் தொங்கும். பொன்னா, வெள்ளி கலந்த பொன்னா, கலந்திருந்தால் எவ்வளவு என்று உருக்காமல் உரைக்காமல் சொல்லலாம். கற்களுக்கும் அப்படியே. காற்றுக்கும் மேலுதைப்பு உண்டு, ஆகவே அடர்ந்த காற்றில் ஒரு பொருளின் எடை கொஞ்சம் குறையும் என்றும் எழுதியிருக்கிறார். கடல்நீர், பால், தேன், ஒலிவ் எண்ணெய் வரை அட்டவணை இருக்கிறது. தேனுக்கு அவரது எண் 1.406. இன்று கடையில் வாங்கும் தேன் போத்தலைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம்!

அந்த நூல் பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. தப்ரீஸில் ரஷ்யக் கொன்சலாக இருந்த கானிகொவ் என்பவர் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 1859 அளவில் அமெரிக்க ஆய்விதழொன்றில் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வெளியிட்டார். நமது அறிஞரை உலகம் மறுபடி அறிந்தது இப்படித்தான்.

சரி, இனி அந்த நீலக்கல்லுக்கு வருவோம்.

பிரூனியும் காஸினியும் தண்ணீரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது என்ன பொருள்? பொன்னா பித்தளையா, யாகூத்தா லஃலா, கல்லா கண்ணாடியா? அதற்குத் தண்ணீர் நேர்மையாகப் பதில் சொல்லும். அதிலும் ஒரு எல்லை உண்டு. சில கார்னட் கற்களும் 4க்குப் பக்கத்தில் வரும். நாம் வைத்திருந்தது போன்ற தராசில் ஓர் இலக்கம் தளம்பி 0.40 என்பது 0.41 ஆனால் விடை 3.9 ஆகிவிடும். கல்லில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்குப் பிழைக்கும். இவையெல்லாம் எமக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தோம்.

நாம் மறந்தது வேறொன்று. 1902இல் ஒகுஸ்த் வேர்னோய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர், மாணிக்கத்தைச் செயற்கையாகச் செய்யும் முறையை உலகுக்கு அறிவித்தார். அலுமினியம் ஒட்சைட்டு தூளை ஐதரசன், ஒட்சிசன் சுவாலையினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழ விடுவார்கள். அது உருகிக் கீழே சொட்டிச் சொட்டிப் பளிங்காக வளரும். சில வருடங்களில் நீலமும் அப்படியே வந்துவிட்டது. இது போலிக் கண்ணாடி அல்ல. மண்ணுக்குள் பிறந்த நீலம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. அதே குருந்தம். (ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நமது குருந்தம் என்ற தமிழ்ச் சொல்தான்.) பொருள் ஒன்றென்றால் அடர்த்தியும் ஒன்று. தண்ணீருக்குள் போட்டால் அதுவும் 4 என்றுதான் சொல்லும்.

சூடாக்கிய கல்லும் அப்படித்தான். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து, நாம் கெவுட என்று ஒதுக்கிய பால்நிறக் கற்களை மலிவாக வாங்கிப் போய், உலையில் சூடாக்கி நல்ல நீலமாக விற்றது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். யாகூத்தை நெருப்பில் வைத்து நிறம் தெளிய வைப்பதைப் பிரூனியே எழுதியிருக்கிறார். நம் கையில் கல் இருந்தது, அவர்கள் கையில் அறிவு இருந்தது. எவ்வளவு காசு போனது என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரியும். சூடாக்கினாலும் சாரடர்த்தி 4தான், மாறாது. மாறுவது உள்ளே இருக்கும் மெல்லிய ஊசிகளும் நிறமும். அதைக் காண நுணுக்குக்காட்டி வேண்டும். சுவாலையில் வளர்ந்த செயற்கைக் கல்லுக்குள் நிறக்கோடுகள் வளைந்து போகும், வாயுக் குமிழிகள் தெரியும். மண்ணில் வளர்ந்ததில் கோடுகள் நேராக, கோணம் கோணமாக இருக்கும்.

அந்த மாமாவின் கல்லுக்குள் கோடுகள் வளைந்திருந்தன. மூன்று மாதம் கழித்து விற்கக் கொண்டுபோனபோது, வாங்க வந்தவர் ஆய்வுகூடச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். கொடுத்துப் பார்த்ததில் செயற்கை என்று வந்துவிட்டது. விற்ற மனிதரைத் தேடினால் ஆளில்லை. ஓட்டோவுக்கு லீசிங் கட்ட வைத்திருந்த காசும் அந்தக் கல்லுக்குள் போயிருந்தது.

அவர் எமது வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சேர், நீங்க அன்டைக்கு வகுப்புல நீலம்தான் என்டு சென்னீங்க. அதாலதான் நான் மத்த ஆளுகள்ட காட்டல்ல" என்றார். அது நீலம்தான், ஆனால் மண்ணிலிருந்து வந்த நீலம் இல்லை என்று விளக்கப் பார்த்தோம். பாதியில் எமக்கே வாய் வரவில்லை. தண்ணீர் பிழையாகச் சொல்லவில்லை. அது சொல்லாததையும் சேர்த்துச் சொன்னது நாம்.

அந்தக் காசின் ஒரு பகுதியை மாதா மாதம் கொடுத்து வருகிறோம். அவர் முதலில் மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். கல்லை எமக்கே தந்துவிட்டார். இப்போது அது ஆய்வுகூட அலுமாரியில், ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் இருக்கிறது. இந்த வருடம் மேலுதைப்புப் பாடத்துக்கு அதைத்தான் எடுக்கிறோம். முதலில் தண்ணீரில் போட்டு 4 என்று எழுத வைத்து, பிறகு உயிரியல் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் வளைந்த கோடுகளைப் பார்க்க வைக்கிறோம். ஓ.எல். எழுதாமலே கல் சந்தைக்குப் போகப் பார்க்கிற இரண்டு பையன்கள் அந்த நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே இல்லை.

ஊரிலும் சீனன்கோட்டைப் பக்கமும் உள்ள மூத்த வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பழைய காலத்துக் கைத்தராசு, குன்றிமணிப் படிகளோடு யாரிடமாவது இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள். உடையாமல் திருப்பித் தருவோம். பிரூனியின் பாத்திரத்தையும் களிமண்ணில் செய்து பார்க்கப் போகிறோம். பீலி போட்ட குழாயோடு அதைச் செய்து தர ஏலுமான குயவர் யாரையாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.